அம்மாவை ஆஸ்பத்திரிக்கு நடத்தியே கூட்டிட்டுப் போன 14 வயசுப் பையன்... சார்லி சாப்ளின் வாழ்க்கையில நாம கவனிக்காத பக்கம்!

உங்க ஃபோன்ல 'சாப்ளின்'னு டைப் பண்ணிப் பாருங்க. தொப்பி, கைத்தடி, துண்டு மீசை, வாத்து நடை... வரிசையா ஜிஃப் வந்து விழும். கூடவே அவர் சொன்னதா நூறு தத்துவ மெசேஜும் வரும். அதுல பாதி அவர் சொன்னதே கிடையாது. அந்த ஃபார்வேர்டை எல்லாம் கொஞ்ச நேரம் தள்ளி வைங்க. உலகத்தையே சிரிக்க வெச்ச அந்த மனுஷனோட சின்ன வயசுக்குள்ள ஒரு ரவுண்டு போயிட்டு வருவோம்.

வறுமையில பிறந்தார், கஷ்டப்பட்டார், ஜெயிச்சார்... இது நமக்குத் தெரிஞ்ச கதைதான். ஆனா அந்த வீட்டுல வறுமையோட சேர்ந்து இன்னொண்ணும் இருந்தது. அவரோட அம்மாவுக்கு மனநோய். அப்படி ஒரு வீட்டுல வளர்ற குழந்தைக்கு என்ன நடக்குது, யார் கை கொடுக்குறாங்க, யார் கை விடுறாங்கன்னு புரிஞ்சுக்க சாப்ளினோட கதையைவிடத் தெளிவான கதை கிடைக்கிறது கஷ்டம்.

ஜன்னலோர ஸ்கூல்

1889 ஏப்ரல் 16. சார்லஸ் ஸ்பென்சர் சாப்ளின் பிறந்தது லண்டன்ல. அப்பா, அம்மா ரெண்டு பேருமே மியூசிக் ஹால் கலைஞர்கள். பாட்டு, டான்ஸ், காமெடி எல்லாம் கலந்து நடக்குற மேடை நிகழ்ச்சிகளுக்கு அப்போ லண்டன்ல பெரிய மவுசு. அம்மா ஹன்னாவுக்கு லில்லி ஹார்லின்னு ஒரு மேடைப் பெயரும் இருந்தது. அண்ணன் சிட்னி, சார்லியைவிட நாலு வயசு மூத்தவர். அவருக்கு அப்பா வேற. ஆனா அண்ணன் தம்பி பாசத்துல அந்த வித்தியாசம் கடைசி வரை வந்ததே இல்லை.

சார்லி கைக்குழந்தையா இருக்கும்போதே அப்பா பிரிஞ்சு போயிட்டார். அவருக்குக் குடிப்பழக்கம். வீட்டுக்குப் பணம் ஒழுங்கா வராது. ஹன்னாவோட குரலும் கொஞ்சம் கொஞ்சமா கெட்டுப்போச்சு. சார்லிக்கு அஞ்சு வயசு இருக்கும்போது, ஆல்டர்ஷாட் ஊர்ல ஒரு மேடையில பாடிக்கிட்டு இருந்த அம்மாவுக்குப் பாதியிலேயே குரல் உடைஞ்சுடுது. கூட்டம் கத்தி, கிண்டல் பண்ண, அவங்க மேடையைவிட்டு இறங்குறாங்க. வேற வழியில்லாம பையனை மேடையில ஏத்திவிட, அவன் பாடுறான். கூட்டம் காசை வீசுது. சாப்ளினோட முதல் மேடை அதுதான். அவங்க அம்மாவுக்கோ, கிட்டத்தட்ட அதோட மேடை வாழ்க்கையே முடிஞ்சுபோச்சு.

அதுக்கப்புறம் துணி தைச்சுக் கொடுத்துதான் பொழப்பு. தலைவலின்னு அடிக்கடி படுத்துடுவாங்க. ஆனா நல்லா இருக்குற நாள்கள்ல ஹன்னா ஒரு அற்புதமான அம்மா. ஜன்னல்கிட்ட உட்கார்ந்து தெருவுல போறவங்களைப் பார்ப்பாங்க. அவங்க நடை, முகம், கோபம், அவசரம் எல்லாத்தையும் அப்படியே பையங்களுக்கு நடிச்சுக் காட்டுவாங்க. கையாலயும் முகத்தாலயும் கதை சொல்றதை அம்மாகிட்டதான் கத்துக்கிட்டதா சாப்ளின் பின்னாடி பெருமையோட பதிவு பண்ணியிருக்கார்.

இதை ஏன் சொல்றேன்னா, மனநோய் இருக்குற ஒருத்தரைப் பத்திப் பேசும்போது நாம அந்த நோயை மட்டும்தான் பார்ப்போம். அந்த வீட்டுக் குழந்தை அப்படிப் பார்க்குறதில்லை. அதுக்கு அவங்க அம்மா. அவ்வளவுதான்.

உதவிங்கிற பேர்ல பிரிச்சாங்க

1896-ல நிலைமை கைமீறிப் போச்சு. மூணு பேரும் லாம்பெத் 'ஒர்க்ஹவுஸ்'ல போய் நின்னாங்க. கதியில்லாத ஏழைகளுக்காக அன்னிக்கு அரசு நடத்துன விடுதி அது. சாப்பாடும் படுக்கையும் கிடைக்கும். ஆனா உள்ளே நுழைஞ்சதும் அம்மா ஒரு பக்கம், பையங்க ஒரு பக்கம். சார்லிக்கு அப்போ ஏழு வயசு. முதல் பார்வையாளர் நாள் அன்னிக்கு ஒர்க்ஹவுஸ் சீருடையில வந்த அம்மாவைப் பார்த்துப் பையங்க அதிர்ந்துபோயிட்டாங்க. சில நாள்களுக்குள்ள அவ்வளவு வயசாகிப்போன மாதிரி இருந்தாங்களாம். பையங்களுக்கோ தலை ஒட்ட வெட்டப்பட்டிருந்தது. அம்மா அதைப் பார்த்துச் சிரிச்சுட்டு, ஏப்ரன்ல இருந்து தேங்காய் மிட்டாய்ப் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தாங்க. உள்ளே ஒரு நர்ஸுக்கு லேஸ் பின்னிக் கொடுத்துச் சம்பாதிச்ச காசுல வாங்கின மிட்டாய் அது.

கொஞ்ச நாள்ல பையங்களை மட்டும் ஹான்வெல்ல இருந்த ஏழைக் குழந்தைகள் பள்ளிக்கு அனுப்பிட்டாங்க. அங்கே சமையலறை வேலைக்குப் போன சிட்னி, யாருக்கும் தெரியாம ரொட்டிக்குள்ள வெண்ணெயை வெச்சுத் தம்பிகிட்ட நீட்டுவார். ஆனா 11 வயசானதும் சிட்னி கடற்படைப் பயிற்சிக் கப்பலுக்குப் போயிட, சார்லி தனி ஆளாகிட்டான். படர்தாமரை வந்து, தலையை மொட்டையடிச்சு, அயோடின் தடவி, மத்த பசங்ககிட்ட இருந்து ஒதுக்கி வெச்சாங்க. அந்தப் பள்ளியில கிட்டத்தட்ட ஒன்றரை வருஷம் இருந்தான்.

அந்த ஏற்பாட்டுல சோறு இருந்தது, கூரை இருந்தது, பாடம்கூட இருந்தது. அம்மா மட்டும் இல்லை. அம்மாவுக்கு என்ன நடக்குதுன்னு சொல்றதுக்கும் ஆள் இல்லை.

1898-ல மறுபடியும் ஒர்க்ஹவுஸ். பையங்க இந்த முறை நார்வுட் பள்ளியில. அப்போ ஹன்னா ஒரு காரியம் பண்ணாங்க. மூணு பேரும் விடுதியைவிட்டு வெளியேறுறோம்னு முறைப்படி எழுதிக் கொடுத்து வெளியே வந்துட்டாங்க. கையில வீடு இல்லை. சிட்னிகிட்ட ஒன்பது பென்னி இருந்தது. கென்னிங்டன் பார்க்ல உட்கார்ந்து அரை பவுண்டு செர்ரிப் பழம் வாங்கிச் சாப்பிட்டாங்க. பழைய பேப்பரைக் கசக்கிப் பந்தாக்கி விளையாடினாங்க. கடையில டீ குடிச்சாங்க. சாயங்காலம் மறுபடியும் ஒர்க்ஹவுஸ் வாசல்ல போய் நின்னாங்க. எல்லா ஃபார்மாலிட்டியையும் முதல்ல இருந்து செய்யணுமேன்னு அங்கே இருந்தவங்களுக்கு எரிச்சல். ஒரே ஒரு நாள் பிள்ளைங்களோட இருக்கணும்கிறதுக்காக அந்த அம்மா அத்தனையும் செஞ்சிருக்காங்க!

அதுக்கு அடுத்த சில வாரங்கள்லதான் ஹன்னாவை கேன் ஹில் மனநோய் மருத்துவமனையில சேர்த்தாங்க. சிட்னி ஃபுட்பால் ஆடிக்கிட்டு இருந்தப்போ ரெண்டு நர்ஸுங்க கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாங்க. அவர் எதுவும் பேசாம திரும்பிப் போய் ஆட்டத்தை ஆடி முடிச்சார். அப்புறம் யார் கண்ணுலயும் படாம ஓர் ஓரமா போய் அழுதார். அப்போ அவருக்கு 13 வயசு. விஷயத்தைக் கேட்ட சார்லிக்கு அழுகைகூட வரலை. அம்மா வேணும்னே புத்தியைவிட்டு ஓடிப்போயிட்டாங்க, நம்மளைத் தனியா விட்டுட்டாங்கன்னுதான் தோணிச்சாம். ஒன்பது வயசுப் பையனுக்கு அதுதான் புரிஞ்சது. ஏன்னா, இது ஒரு நோய், அம்மா உங்களைவிட்டுப் போகலைன்னு அவனை உட்கார வெச்சுச் சொல்றதுக்கு யாருமே இல்லை.

கரித்துண்டுப் பரிசு

அன்னிக்கு அனுப்பினதுல இருந்து ரெண்டு மாசம் வரைக்கும் பையங்க அப்பா வீட்டுல இருந்தாங்க. அங்கேயும் குடி, சண்டை. ஹன்னா குணமாகி வெளியே வந்ததும் மறுபடியும் ஒரு ரூம், தையல் வேலை. 1901-ல அப்பா குடியாலயே செத்துப்போனார். 40 வயசுகூட ஆகலை. சிட்னி கப்பல் வேலைக்குப் போயிட்டார்.

இப்போ 1903 மே மாசத்துக்கு வாங்க. சார்லிக்கு 14 வயசு. பவ்னல் டெரஸ்ங்கிற தெருவுல, மாடியில கூரைக்குக் கீழே ஒரு சின்ன ரூம். அம்மாவும் அவனும் மட்டும். அண்ணன்கிட்ட இருந்து கடிதம் வரலை, பணமும் வரலை. ஒருநாள் வீட்டுக்குத் திரும்புறான். வாசல்ல நின்ன தெருப் பசங்க, உங்க அம்மாவுக்குப் பைத்தியம் பிடிச்சிடுச்சுன்னு சொல்றாங்க. என்ன நடந்ததுன்னா, ஹன்னா வீடு வீடா கதவைத் தட்டி, குழந்தைங்களுக்குப் பிறந்தநாள் பரிசுன்னு கரித்துண்டு கொடுத்திருக்காங்க.

ஒரு நிமிஷம் நின்னு யோசிங்க. தன் அம்மாவுக்கு என்ன ஆச்சுங்கிற விஷயம் ஒரு பிள்ளைக்குத் தெருவுல நிக்கிற பசங்க மூலமாத்தான் தெரியுது. இன்னிக்கும் நம்ம தெருவுல இது நடக்கலையா? 'லூஸு', 'மென்டல்'னு நாம சாதாரணமா ஒரு வார்த்தையை வீசிட்டுப் போறோம். அதைக் கேட்டுட்டு வீட்டுக்குப் போற ஒரு குழந்தை பக்கத்துலயே நிக்கலாம்.

டாக்டர் வந்து பார்த்தார். ஆஸ்பத்திரியில சேர்க்கச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தார். வண்டிக்குக் காசு இல்லை. அம்மா கையைப் பிடிச்சு சார்லி நடத்தியே கூட்டிட்டுப் போனான். சாப்பாடு இல்லாத உடம்பு தள்ளாடுது. ரோட்டுல போறவங்க குடிச்சிருக்காங்கன்னு நினைச்சு வேடிக்கை பார்த்தாங்க. அங்கே அம்மாவை உள்ளே அழைச்சிட்டுப் போனதும் டாக்டர் பையன்கிட்ட, இனி நீ எங்கே இருப்பேன்னு கேட்டார். மறுபடியும் ஒர்க்ஹவுஸ்ல தள்ளிடுவாங்களோன்னு பயந்து, சித்தி வீட்டுக்குப் போறேன்னு பொய் சொல்லிட்டான் சார்லி.

அந்த டாக்டர் கேட்டது சரியான கேள்விதான். ஆனா அந்தப் பதிலோட அவர் நிறுத்திக்கிட்டார். உண்மையைச் சொன்னா எங்கேயோ தூக்கிட்டுப் போயிடுவாங்கன்னு ஒரு பிள்ளை பயந்துட்டா, அது உண்மையைச் சொல்லாது. இன்னிக்கு உங்க கிளாஸ்ல, உங்க அபார்ட்மென்ட்ல 'வீட்டுல எல்லாம் ஓகேதான்'னு சிரிச்சுக்கிட்டே சொல்ற பிள்ளைகளை இந்த இடத்துல ஞாபகம் வெச்சுக்கோங்க.

அப்புறம் அந்தக் காலி ரூம்ல தனியா நாள்களைக் கழிச்சான். வீட்டுக்காரம்மா கண்ணுல பட்டா விஷயம் வெளியே போயிடுமேன்னு, விடியுறதுக்குள்ள கிளம்பி, இருட்டினப்புறம் திரும்புவான். பக்கத்துல ஒரு சந்துல விறகு வெட்டுறவங்க இருந்தாங்க. அவங்களோட சேர்ந்துக்கிட்டான். அவங்க இவனைக் குடைஞ்சு குடைஞ்சு கேள்வி கேட்கலை. வேலை கொடுத்தாங்க, கூட வெச்சுக்கிட்டாங்க. வாரக் கடைசியில ஆறு பென்னி கையில வந்தது. ஒரு சனிக்கிழமை அவங்க முதலாளி எல்லாரையும் மியூசிக் ஹாலுக்குக் கூட்டிட்டுப் போனார். அங்கே நடந்தது ஃப்ரெட் கார்னோ குழுவோட காமெடி. பின்னாடி சாப்ளினை அமெரிக்கா வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்ததும் அதே கார்னோ குழுதான்!

அண்ணன் வந்தாச்சு

ஒருநாள் தந்தி வந்தது. சிட்னி ஊருக்கு வர்றார். வாட்டர்லூ ஸ்டேஷன்ல அழுக்குச் சட்டையோட நின்ன தம்பியைப் பார்த்ததுமே அவருக்கு ஏதோ சரியில்லைன்னு தெரிஞ்சுபோச்சு. சார்லி நடந்ததைச் சொன்னான். சிட்னிக்கு அப்போ 18 வயசு. தம்பிக்குப் புதுத் துணி வாங்கிக் கொடுத்தார். கையில இருந்த சேமிப்புல இனி ரெண்டு பேரும் சமாளிக்கலாம்னு தைரியம் சொன்னார். ரெண்டு பேரும் சேர்ந்து அம்மாவைப் பார்க்கப் போனாங்க.

கேன் ஹில் மருத்துவமனையில ஹன்னா வேற எங்கேயோ இருக்குற மாதிரி உட்கார்ந்திருந்தாங்க. பேச்சோட பேச்சா சார்லியைப் பார்த்து, அன்னிக்கு மதியம் எனக்கு ஒரு டீ கொடுத்திருந்தா நான் நல்லா இருந்திருப்பேன்னு சொல்லிட்டாங்க. சரியான சாப்பாடு இல்லாததும் அவங்க நிலைமைக்கு ஒரு காரணம்னு டாக்டரும் சொன்னார். அந்த டீ விஷயம் சாப்ளின் மனசைவிட்டுப் போகவே இல்லை. 75 வயசுல சுயசரிதை எழுதும்போதும் அதை மறக்காம எழுதியிருக்கார்.

ஒரு டீயால மனநோய் வர்றதும் இல்லை, போறதும் இல்லை. அந்தப் பையன் எந்தத் தப்பும் செய்யலை. ஆனா இப்படி வளர்ற குழந்தைங்க முக்கால்வாசிப் பேர் மனசுக்குள்ள ஒரு 'டீ' இருக்கும். நான் அன்னிக்குச் சண்டை போடாம இருந்திருந்தா... நான் நல்லா மார்க் எடுத்திருந்தா... நான் வீட்டுலயே இருந்திருந்தா... இந்தக் கணக்கைப் பிள்ளைங்க தானாவே போட்டுக்கும். உன்னால வரலை, உன்னால மட்டும் சரிபண்ணவும் முடியாதுன்னு ஒரு பெரியவர் திரும்பத் திரும்பச் சொன்னாத்தான் அது கொஞ்சமாவது கரையும்.

சார்லிக்கு அந்தப் பெரியவர், 18 வயசு அண்ணன்தான். அதே 1903-ல ஷெர்லாக் ஹோம்ஸ் நாடகத்துல வேலைக்காரப் பையன் பில்லியா நடிக்க சார்லிக்கு வாய்ப்பு வந்தது. பையனுக்குச் சரியா படிக்க வராது. சிட்னிதான் வசனத்தை உட்கார்ந்து படிச்சுக்காட்டி மனப்பாடம் பண்ண வெச்சார். வாரச் சம்பளம் ரெண்டரை பவுண்டு. 1904 ஜனவரியில அம்மா வீடு திரும்பினாங்க. கொஞ்ச நாள் சந்தோஷம். 1905-ல நோய் திரும்ப வந்து, மறுபடி கேன் ஹில். இந்த முறை அங்கே ஏழு வருஷத்துக்கு மேல இருந்தாங்க. 1908-ல சிட்னிதான் தம்பியை கார்னோ குழுவுல சேர்த்துவிட்டார். கையில காசு சேர ஆரம்பிச்சதும், 1912-ல அண்ணனும் தம்பியும் அம்மாவை பெக்கம் ஹவுஸ்ங்கிற தனியார் மருத்துவமனைக்கு மாத்தினாங்க.

இங்கே ஒரு விஷயம். கஷ்டம்தான் சாப்ளினை மேதையாக்குச்சுன்னு நிறைய பேர் சொல்வாங்க. அதை நம்பாதீங்க. அதே ஒர்க்ஹவுஸ்ல, அதே பள்ளியில இருந்த எத்தனையோ பிள்ளைங்க பேர்கூட நமக்குத் தெரியாது. சாப்ளினுக்குத் திறமை இருந்தது. அது பிழைச்சதுக்குக் காரணம், வெண்ணெய் வெச்ச ரொட்டியை நீட்டின ஒரு கை கடைசி வரை விடாம இருந்ததுதான்.

கடற்கரை வீடு

1914-ல அந்தத் தொப்பியும் கைத்தடியும் திரைக்கு வந்தது. சில வருஷங்கள்ல உலகத்துலயே அதிகம் பேருக்குத் தெரிஞ்ச முகம் அவரோடது. 1921-ல வந்த 'தி கிட்' படத்தைப் பாருங்க, யூடியூப்ல ஈஸியா கிடைக்கும். கூரைக்குக் கீழே ஒரு சின்ன ரூம், ஒரு ஏழை, அவன் எடுத்து வளர்க்குற குழந்தை. அனாதை இல்லத்து ஆளுங்க வந்து அந்தப் பையனை வண்டியில ஏத்துவாங்க. அவன் கையை நீட்டி அழுவான். சார்லி கூரை மேல ஓடி, வண்டியில குதிச்சு, பிள்ளையைத் திரும்ப வாங்கிடுவார். நிஜத்துல சார்லியைத் தூக்கிட்டுப் போனப்போ கூரை மேல ஓடி வர யாரும் இல்லை. படத்துல அவரே ஓடிட்டார்.

அதே 1921-ல அம்மாவை கலிஃபோர்னியாவுக்கு வரவழைச்சார். ஹன்னாவை மருத்துவமனையில வைக்கலை. கடல் பக்கம் ஒரு வீடு, பார்த்துக்க நர்ஸ், நல்ல சாப்பாடு, தைக்கத் துணி. கூட்டமான வார்டு இல்லாம, அன்பான ஆள்களோட ஏழு வருஷம் இருந்தாங்க. சில நாள் தெளிவா இருப்பாங்க, சில நாள் இருக்க மாட்டாங்க.

சாப்ளின் தினமும் போய் அம்மா மடியில படுத்துக்கிட்டார்னு எழுத எனக்கும் ஆசைதான். நடந்தது அது இல்லை. அம்மாவை அந்த நிலையில பார்க்குறதே அவருக்கு வலியா இருந்தது, அடிக்கடி போகவும் மாட்டார்னு அவர் வாழ்க்கையை எழுதினவங்க சொல்றாங்க. அதுக்காக அவரைக் குறை சொல்ல வேண்டாம். அப்பா அம்மாவுக்கு வேண்டிய எல்லாத்தையும் செஞ்சுட்டு, பக்கத்துல போய் உட்கார மட்டும் முடியாம தவிக்கிற பிள்ளைங்க இருக்காங்க. நீங்க அப்படி ஒருத்தரா இருந்தா, உங்களை நீங்களே கெட்ட பிள்ளைன்னு திட்டிக்காதீங்க.

1928 ஆகஸ்ட் 28-ல ஹன்னா இறந்துபோனாங்க. சாப்ளின் 1977 கிறிஸ்துமஸ் அன்னிக்கு, 88 வயசுல. 1992-ல அவர் வாழ்க்கை சினிமாவா வந்தப்போ ஹன்னாவா நடிச்சது யார் தெரியுமா? சாப்ளினோட மகள் ஜெரால்டின். பாட்டியா நடிச்ச பேத்தி!

உங்க பக்கத்துல ஒரு சார்லி இருக்கலாம்

இந்தக் கதையில அரசு கொடுத்த உதவி சோத்தைக் கொடுத்தது, குடும்பத்தைப் பிரிச்சுது. உண்மையிலேயே உதவினது ரொம்பச் சின்ன விஷயங்கள். ஒளிச்சுக் கொடுத்த ரொட்டி. கேள்வி கேட்காம வேலை கொடுத்த விறகுவெட்டிகள். வசனம் படிச்சுக்காட்டின அண்ணன். இதுல எதுக்கும் பெரிய படிப்பு தேவையில்லை.

உங்க ஃப்ரெண்டோட அப்பாவுக்கோ, பக்கத்து வீட்டு அம்மாவுக்கோ இப்படி ஒரு நோய் இருந்தா, அந்தப் பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுங்க. ஹோம்வொர்க்குக்குக் கூட உட்காருங்க. வீட்டுல நடக்குறதைத் துருவாதீங்க. அதுவா பேசினா கேளுங்க, ஊருக்குச் சொல்லாதீங்க. பெரியவங்க யாராவது பொறுப்பா உள்ளே வர வேண்டிய நிலைமைன்னா, நம்பிக்கையான ஒரு டீச்சர்கிட்டயோ உறவினர்கிட்டயோ அந்தப் பிள்ளைக்குத் தெரிஞ்சே பேசுங்க. நீங்க அந்தக் குடும்பத்துல ஒருத்தரா இருந்தா, குழந்தைகிட்ட மறைக்காதீங்க. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, டாக்டர் பார்க்குறாங்க, உன்னை யார் பார்த்துப்பாங்கன்னா இன்னார்னு பேர் சொல்லிச் சொல்லுங்க. அதுக்கு வேண்டியது அந்தப் பேர்தான்.

மனநலத்துக்கு அரசோட இலவச உதவி எண் 14416, 24 மணி நேரமும் தமிழ்லயே பேசலாம். குழந்தைகளுக்கு 1098. ரெண்டையும் ஃபோன்ல சேவ் பண்ணி வைங்க. உங்களுக்குத் தேவைப்படாம போகலாம். உங்க மாடியில இருக்குற யாருக்கோ தேவைப்படலாம்.

அடுத்த முறை சாப்ளின் ஜிஃப் அனுப்பும்போது, அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு நடந்த அந்தப் பையனையும் ஒரு நொடி நினைச்சுக்கோங்க. அன்னிக்கு வேடிக்கை பார்த்த கூட்டத்துல ஒருத்தராவது அந்தம்மாவோட இன்னொரு கையைப் பிடிச்சிருக்கலாம்!